புரோகிரசிவ் ராக்கின் கிளைகளை எந்த அளவுகோலில் பிரிக்கிறார்கள்?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். சிம்பொனிக், நியோ, கேன்டர்பரி, ஜூல், கிராட்ராக், ராக் இன் ஆப்போசிஷன் என்று புரோகிரசிவ் ராக்கை, அதாவது சுருக்கமாக 'ப்ராக்' எனப்படும் நீண்ட, சிக்கலான ராக் இசையை, ஏராளமான கிளைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற பிரிட்டிஷ் குழுவை ஒரு பட்டியலில் சிம்பொனிக்கிலும் இன்னொன்றில் எக்லெக்டிக்கிலும் (பல பாணிக் கலவை) பார்த்திருக்கிறீர்கள். எது சரியான பட்டியல், உங்கள் தொகுப்பை எதன்படி அடுக்குவது என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் வேறொன்று இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்தப் பெயர்கள் காதுக்குக் கேட்கிற எதையாவது குறிக்கின்றனவா, இல்லை ரசிகர்கள் தங்கள் வசதிக்குக் கட்டிக்கொண்ட வேலிகளா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பட்டியல் விஷயம் தானாகத் தெளிந்துவிடும்.

நான் இசைக்கோட்பாடு படித்தவன். பல ஆண்டுகளாக இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு வகைப்படுத்தும் வேலையில் இருப்பவன். அந்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: ப்ராக்கின் கிளைப் பெயர்கள் எல்லாம் ஒரே அளவுகோலில் பிறந்தவை அல்ல. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு சுரங்களில் எந்தெந்த வகையை எடுக்கிறோம் என்ற ஒரே கேள்வியை வைத்து மொத்தத்தையும் பிரித்துவிடலாம். ஒரு மேளம் இரண்டு இடத்தில் உட்காராது. ப்ராக் பட்டியல் அப்படி ஒரே கையால் வரையப்பட்டதல்ல. கேன்டர்பரி ஒரு ஊர். கிராட்ராக் ஒரு நாடும் ஒரு காலமும். ராக் இன் ஆப்போசிஷன் ஒரு அமைப்பு. ஜூல் ஒரே ஒரு குழுவின் பாணி. நியோ ஒரு தலைமுறை. சிம்பொனிக் மட்டும்தான் ஓரளவு ஒலியை வைத்து வந்த பெயர். ஊரையும் தலைமுறையையும் ஒலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதில் எது இந்தக் குழுவுக்குச் சரி என்று கேட்டால், இரண்டு மூன்று விடைகள் வரத்தான் செய்யும். பட்டியல்கள் முரண்படுவதற்கு முதல் காரணம் இதுவே. பட்டியல் போட்டவர்களின் அறியாமை அல்ல.

இதைக் கோட்பாடாகச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார், அவரே ப்ராக் வரலாற்றின் உள்ளிருந்து வந்தவர் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிராங்கோ ஃபாப்ரி, இத்தாலியின் ஸ்டார்மி சிக்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர். பிறகு வெகுசன இசை ஆய்வாளராகவும் ஆனார். 1980களின் தொடக்கத்தில் அவர் முன்வைத்த கருத்து இன்றும் இந்தத் துறையில் அடிப்படைப் பாடம். ஓர் இசை வகை என்பது ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட விதிகளின் தொகுப்பு என்றார் அவர். அந்த விதிகளை ஐந்தாகவும் பிரித்தார்: இசையின் வடிவமும் நுட்பமும் பற்றியவை, அது எப்படிப் பொருள் உணர்த்துகிறது என்பவை, கலைஞரும் ரசிகரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பவை, சமூகமும் கருத்தியலும் சார்ந்தவை, பணமும் சட்டமும் சார்ந்தவை. இதில் முதலாவது மட்டுமே நேரடியாகக் காதுக்குக் கேட்பது. இசைக்கல்லூரியில் படித்துவிட்டு வருகிறவர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற நான்கையும் இசைக்கு வெளியே உள்ளவை என்று ஒதுக்குவார்கள். ப்ராக் கிளைகளை அப்படிப் பார்த்தால் பாதிப் பெயர்களுக்கு விளக்கமே கிடைக்காது.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்லலாம். இந்தக் கட்டங்களில் பெரும்பாலானவை அந்த இசை உருவான காலத்தில் இல்லை. கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் வந்தபோது அதை யாரும் சிம்பொனிக் ப்ராக் என்ற அலமாரியில் தேடவில்லை. அன்று பிரிட்டனில் புரோகிரசிவ், அண்டர்கிரவுண்ட் போன்ற சொற்கள் மிக அகலமாகப் புழங்கின. இசைத்தட்டு நிறுவனங்கள் இந்தப் புதிய சந்தைக்கென்றே தனி முத்திரைகள் தொடங்கின. பிலிப்ஸின் வெர்டிகோவும் ஈ.எம்.ஐ.யின் ஹார்வெஸ்ட்டும் 1969இல் வந்தவை. வெர்டிகோ 1970இல் பிளாக் சாபத்தின் முதல் தட்டையும் ஜென்டில் ஜயன்ட்டின் முதல் தட்டையும் வெளியிட்டது. இன்று ஒன்று ஹெவி மெட்டலின் ஊற்று என்றும் மற்றொன்று ப்ராக்கின் மிகச் சிக்கலான மூலை என்றும் சொல்கிறோம். அன்று இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன. நுணுக்கமான பிரிவுகள் பின்னால், பெரும்பாலும் சேகரிப்பாளர்களாலும் ரசிகர் இதழ்களாலும் பிறகு இணையப் பட்டியல்களாலும் போடப்பட்டவை. பின்னோக்கிப் போடப்பட்ட பெயர் என்பதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் 1972இல் ஒரு கலைஞர் "நான் இந்த வகையில் எழுதுகிறேன்" என்று நினைத்து எழுதினார் என்று எண்ணிக்கொண்டு கேட்கக் கூடாது.

இனி ஒவ்வொன்றாக. சிம்பொனிக்கில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ப்ராக் என்றதும் பலர் மனதில் வருவது இதுதான். யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர் ஆகிய மூன்றும் இதன் நடுப்புள்ளி. யெஸ்ஸின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' 1972இல் வந்தது. தலைப்புப் பாடல் 18 நிமிடங்களைத் தாண்டி, நான்கு பகுதிகளாகத் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அதே ஆண்டு ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' ஏழு பகுதிகள், ஏறக்குறைய 23 நிமிடங்கள். முந்தைய ஆண்டு எமர்சன் லேக் அண்ட் பாமரின் 'டார்கஸ்', அதுவும் ஏழு பகுதிகள். இந்த நீளத்துக்கு ஓர் எளிய பௌதிகக் காரணமும் உண்டு: எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலித்தரத்தோடு இருபது இருபத்தைந்து நிமிடங்கள்தான் கொள்ளும். அந்த அளவே படைப்பின் அளவாக ஆயிற்று. இவற்றுக்குப் பொதுவாக நான் காதால் பிடிக்கக்கூடியவை சில உண்டு. தொடக்கத்தில் வந்த மெட்டு பல நிமிடங்கள் கழித்து உயர்ந்து பெருகித் திரும்பி வரும். நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளை விசைப்பலகையால் எழுப்பும் மெல்லோட்ரானும் ஹேமண்ட் ஆர்கனும் மூக் சிந்தசைசரும் சேர்ந்து ஓர் ஆர்கெஸ்ட்ராவின் பரப்பைக் கொடுக்கும். தாளக்கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். பாட்டும் வாத்தியமும் சம எடையோடு இருக்கும். ஆனாலும் இதை சிம்பொனி வடிவம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை உண்மையில் சூட் என்கிற தொகுப்பு வடிவத்துக்குத்தான் அருகில் இருக்கின்றன. ஒரு கருவை எடுத்து அதன் சுரங்களைப் பிரித்துப் பிரித்து வளர்க்கும் சிம்பொனி வேலை இங்கே குறைவு. பகுதிகளை அடுத்தடுத்து வைத்துக் கடைசியில் திரும்ப அழைப்பதே அதிகம்.

சிம்பொனிக் என்ற பெயர் இசையமைப்பு முறையைக் குறிக்கவில்லை என்பதற்கு ஜென்டில் ஜயன்ட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தக் குழுவின் கெரி மின்னியர் லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் இசையமைப்பு பயின்றவர். 1975இல் வந்த 'ஆன் ரிஃப்ளெக்‌ஷன்' பாடல் நான்கு குரல் ஃபியூகாகத் தொடங்குகிறது: ஒரு குரல் மெட்டைச் சொல்ல, அடுத்தது வேறு சுரத்தில் அதையே பிடிக்க, முந்தையது அதற்கு எதிராக இன்னொன்றைப் பாட, இப்படி நான்கும் பின்னிக்கொள்ளும். பரோக் கால நுட்பத்தை இவ்வளவு கறாராக யெஸ்ஸோ ஜெனிசிஸோ கையாண்டதில்லை. ஐரோப்பிய செவ்வியல் இசையின் தாக்கம்தான் அளவுகோல் என்றால் சிம்பொனிக் பட்டியலின் முதல் பெயர் ஜென்டில் ஜயன்ட்டாக இருக்க வேண்டும். ஆனால் பல பட்டியல்கள் அவர்களை எக்லெக்டிக்கில் வைக்கின்றன. ஏன்? பாடல்கள் சிறியவை, ஒலி மெலிந்தது, வறண்டது. மெல்லோட்ரான் மேகம் கிடையாது. சிம்பொனிக் என்ற சொல்லால் ரசிகர்கள் இசையமைப்பு முறையை அளக்கவில்லை, ஒலியின் பரப்பையும் பிரம்மாண்டத்தையும்தான் அளக்கிறார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது. இது தெரிந்தபின் எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை இல்லாமல் போயிற்று.

உங்கள் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரும் இங்கேதான் வருகிறது. 1971இன் 'பான் ஹார்ட்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே நீண்ட பல்பகுதிப் படைப்பு. வடிவத்தை அளப்பவர் சிம்பொனிக் என்பார். ஆனால் ஆர்கனும் சாக்சஃபோனும் முரட்டுத்தனமாக மோதும், கிட்டார் அரிதாகவே முன்னால் வரும், பீட்டர் ஹாமிலின் குரல் ஒரே வரியில் முணுமுணுப்பிலிருந்து அலறலுக்குப் போகும். ஒலியை அளப்பவருக்கு யெஸ்ஸின் பளபளப்பு இதில் கிடையாது. இரண்டு பேரும் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். எக்லெக்டிக் என்ற பெட்டியைப் பற்றி என் கருத்து கடுமையானது: மற்றவற்றில் அடங்காதவை என்பதைத் தவிர அதற்கு உள்ளடக்கம் இல்லை. கிங் கிரிம்சன், ஜென்டில் ஜயன்ட், வான் டெர் கிராஃப் மூன்றும் அதில் இருக்கும். மூன்றுக்கும் பொதுவான ஒரு ஒலியை யாராலும் சொல்ல முடியாது. கிராஸ்ஓவர் என்பதும் இதே இனம். உங்கள் தொகுப்பில் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

கேன்டர்பரியின் கதை வேறு. அது இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து ஊர். 1964இல் அங்கே வைல்ட் ஃபிளவர்ஸ் என்ற குழு தொடங்கியது. ராபர்ட் வயட், கெவின் அயர்ஸ், ஹ்யூ ஹாப்பர், ரிச்சர்ட் சின்கிளேர் எல்லாரும் அதில் வாசித்தவர்கள். அதிலிருந்து ஒரு பக்கம் சாஃப்ட் மெஷினும் மறுபக்கம் கேரவனும் கிளைத்தன. அதுவரை ஊர்ப் பெயர் சரி. ஆனால் சாஃப்ட் மெஷினைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலியர் டேவிட் ஆலன், 1967இல் பிரிட்டனுக்குள் மீண்டும் நுழைய அனுமதி கிடைக்காமல் பாரிஸிலேயே தங்கிவிட்டார். அங்கே பிறந்தது காங் குழு. எக் குழு லண்டன் பள்ளிக்கூடத்துப் பையன்கள். இவர்களையும் கேன்டர்பரி என்கிறோம், ஏனென்றால் கலைஞர்கள் குழுவுக்குக் குழு மாறிக்கொண்டே இருந்தார்கள். ஊர்ப் பெயர் மெல்ல வம்சாவளிப் பெயர் ஆயிற்று. பிறகு மூன்றாவது படி: இத்தாலியின் பிக்கியோ தால் பொட்சோ, நெதர்லாந்தின் சூப்பர்சிஸ்டர், பிரான்ஸின் மூவிங் ஜெலட்டின் பிளேட்ஸ். ஊரும் இல்லை, வம்சமும் இல்லை, ஆனால் கேட்டவுடன் தெரிகிறது. எதனால் தெரிகிறது? ஃபஸ் கருவி வழியாகக் கரகரத்து ஒற்றை மெட்டு வாசிக்கும் ஆர்கன். ஜாஸிலிருந்து வந்த சுரக்கூட்டுகள், ஆனால் ஜாஸ் வாசிப்பவரின் வேர்வை இல்லாத ஒரு தளர்ச்சி. பெரிய விஷயங்களைப் பாடாமல், பேச்சு மொழியிலேயே சின்னச் சின்ன விநோதங்களைப் பாடும் மென்குரல். ஓர் ஊரின் பெயர் இப்படி ஒலியின் பெயராக மாறியதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இசைஞர்களில் சிலருக்கே இந்தப் பெயர் செயற்கையாகப் பட்டது. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. சாஃப்ட் மெஷினின் 1970ஆம் ஆண்டு 'தேர்ட்' இரட்டைத் தட்டு, பக்கத்துக்கு ஒரு நீண்ட படைப்பு, பெரும்பகுதி மின்சார ஜாஸ். அடுத்த ஆண்டு வந்த கேரவனின் 'இன் தி லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்' தட்டின் முதல் பக்கம் இனிமையான பாடல்களால் ஆனது. இரண்டையும் இணைப்பது உறவுமுறையே தவிர ஒலி அல்ல என்று ஒருவர் வாதிட்டால் என்னால் முழுதாக மறுக்க முடியாது.

நாட்டை வைத்து வந்த பெயர்கள் இரண்டு. கிராட்ராக் என்ற பெயர் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகளால் பரவியது. ஜெர்மனியக் குழுக்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்டதல்ல. அதற்குள் இருப்பவர்களைப் பாருங்கள். கேன் குழுவின் ஹோல்கர் ட்சூகாயும் இர்மின் ஷ்மிட்டும் ஜெர்மன் நவீன இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் பயின்றவர்கள். மணிக்கணக்கில் வாசித்ததைப் பதிவு செய்து, நாடாவை வெட்டி ஒட்டிப் படைப்பாக்கினார்கள். நொய் குழுவின் 1972ஆம் ஆண்டு 'ஹாலோகாலோ' பத்து நிமிடமும் ஒரே நான்கு எண்ணிக்கையில் அசையாமல் ஓடுகிறது. டேஞ்சரின் ட்ரீமின் 'ஃபீட்ரா' 1974இல் டிரம்ஸே இல்லாமல், சுரவரிசையைத் தானாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சீக்வென்சரில் மிதக்கிறது. இவை ஒன்றோடொன்றும் ஒத்துப்போகவில்லை, யெஸ்ஸின் உலகத்தோடும் ஒத்துப்போகவில்லை. தாளம் மாறிக்கொண்டே இருப்பது ப்ராக்கின் அடையாளம் என்றால் நொய்யின் அசையாத ஓட்டம் அதற்கு நேர் எதிர். இது ப்ராக்கின் கிளையா, பக்கத்து மரமா என்பது இன்றும் தீராத விவாதம். பக்கத்து மரம் என்பது என் சாய்வு. மறுபக்கம் எலோய், நோவாலிஸ் போன்ற ஜெர்மன் குழுக்கள் அப்பட்டமான சிம்பொனிக் வாசித்தன. ஆக, ஜெர்மனியில் பிறந்தது மட்டும் போதாது.

இத்தாலிய ப்ராக் என்ற பெயருக்கு இதைவிட வலு அதிகம் என்று நினைக்கிறேன். பிரெமியாட்டா ஃபொர்னெரியா மார்கோனி, பாங்கோ, லே ஓர்மே ஆகியவற்றின் 1972, 1973 ஆண்டுத் தட்டுகளில் மொழியின் நீண்ட உயிரெழுத்துகள் மெட்டின் வளைவையே தீர்மானிக்கின்றன. ஓபராவை நினைவூட்டும் உணர்ச்சிப் பெருக்கும் கிராமியப் பாடலின் இனிமையும் ஒரே பாட்டில் வந்து போகும். அப்படியானால் பிரெமியாட்டா 1973இல் 'ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்' ஆல்பத்தில் கிங் கிரிம்சனுக்குப் பாடல் எழுதிய பீட் சின்ஃபீல்டின் ஆங்கில வரிகளோடு தங்கள் பாடல்களை வெளியிட்டபோது அது வகை மாறிவிட்டதா? மெட்டு அதேதான், வாத்தியம் அதேதான், ஆனால் குரல் உட்காரும் இடம் மாறிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மொழி ஓர் இசைக்கூறு என்பது காதுக்கே தெரியும். அதே இத்தாலியின் ஆரெயா குழு பால்கன் தாளங்களையும் ஜாஸையும் டெமெட்ரியோ ஸ்ட்ராடோஸின் அபாரமான குரல் சோதனைகளையும் சேர்த்தது. அதை இந்த வகையில் வைப்பதற்கு நாட்டைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ராக் இன் ஆப்போசிஷனைப் பற்றித்தான் தவறான புரிதல் மிக அதிகம். 1978 மார்ச் 12 அன்று லண்டனில் ஹென்றி கௌ ஏற்பாடு செய்த விழாவில் ஐந்து நாட்டுக் குழுக்கள் சேர்ந்தன: பிரிட்டனின் ஹென்றி கௌ, இத்தாலியின் ஸ்டார்மி சிக்ஸ், சுவீடனின் சம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யூனிவெர் ஸீரோ, பிரான்ஸின் எத்ரோன் ஃபூ லெலூப்லான். பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் தங்களைக் கண்டுகொள்ளாததற்கு எதிராக ஒருவருக்கொருவர் மேடையும் விற்பனை வழியும் ஏற்படுத்திக்கொள்வது நோக்கம். பிறகு அது முறையான கூட்டமைப்பாகி, புதிதாகச் சேர நிபந்தனைகளும் வகுத்தது: இசைத் தரம், வணிக அமைப்புக்கு வெளியே இயங்குவது, ராக் இசை மீது சமூகப் பொறுப்பு. ஒலியைப் பற்றி ஒரு சொல் கிடையாது! யூனிவெர் ஸீரோவின் பசூனும் வயலினும் ஹார்மோனியமும் சேர்ந்த இருண்ட அறையிசையும், சம்லாவின் குதூகலமான நாட்டுப்புறத் துள்ளலும் ஒரே மேடையில் இருந்தன. அமைப்பு சில ஆண்டுகளே நீடித்தது. இன்று அந்தப் பெயர், சுரமுரண்களும் சிக்கலான எழுத்தும் கொண்ட எந்தக் குழுவுக்கும் ஒட்டப்படுகிறது. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கும்கூட. அந்த ஒலிக்கு அவாங்-ப்ராக் என்ற வேறு பெயர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதே முறை. அமைப்பின் பெயரை அதில் இருந்தவர்களுக்கு விட்டுவிடலாம். ஃபாப்ரியின் பட்டியலில் கருத்தியல் விதியும் பொருளாதார விதியும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். அவரே அந்த மேடையில் நின்றவர், எங்கிருந்து அந்தச் சிந்தனை வந்தது என்று ஊகிப்பது கடினமில்லை.

ஜூல் இதற்கு நேர்மாறு: ஒரு மனிதரின் காது. டிரம்ஸ் கலைஞர் கிறிஸ்டியன் வாண்டர் 1969இல் பாரிஸில் மாக்மாவைத் தொடங்கினார். பாடுவதற்கென்று கோபையன் என்ற மொழியையே உருவாக்கினார். வகையின் பெயரும் அந்த மொழியிலிருந்து வந்தது. ஜாஸ் சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் உக்கிரம், ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபை நினைவூட்டும் கூட்டுக்குரல் முழக்கம், விடாமல் திரும்பத் திரும்ப வரும் அணிவகுப்புத் தாளம், முன்னால் வந்து உறுமும் பாஸ் கிட்டார். 1973இல் வந்த அவர்களது மூன்றாவது ஆல்பத்தில் இது முழுமையாகக் கேட்கும். பிற்பாடு ஜப்பானில் கோஎன்ஜி ஹயக்கெய் போன்ற குழுக்கள் இதே இலக்கணத்தில் வாசித்தன. எல்லாப் பெயர்களிலும் காதால் மிக எளிதாக அடையாளம் காணக்கூடியது இதுவே, ஏனென்றால் மூலம் ஒன்றுதான். ஆனால் ஒரே குழுவின் பாணியை வகை என்று அழைக்கலாமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. அந்தப் பாணியில் மற்றவர்கள் புதிதாக எழுதத் தொடங்கிய கணத்தில் வகை ஆகிவிட்டது என்பது என் நிலைப்பாடு.

நியோ-ப்ராக் 1980களின் பிரிட்டனைச் சேர்ந்தது. மரிலியனின் முதல் ஆல்பம் 1983, ஐ.க்யூ., பெண்ட்ராகன், பாலஸ், ட்வெல்ஃப்த் நைட் அதே அலையில் வந்தவை. பீட்டர் கேப்ரியல் காலத்து ஜெனிசிஸ் இவர்களுக்கு வெளிப்படையான முன்மாதிரி. ஆனால் தாளக்கணக்கு எளிமையாயிற்று, சிந்தசைசர் பளிச்சென்று ஆயிற்று, கிட்டார் தனி வாசிப்பு நீண்ட பெருமூச்சு போல இழுக்கும், பாடல் வடிவம் திரும்பி வந்தது. பெயரில் ஆரம்பத்திலிருந்தே ஒரு குத்தல் இருந்தது: நகல் எடுப்பவர்கள் என்ற பொருளில். அது அநியாயம் என்றே நினைக்கிறேன். 1985இன் 'மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்' ஜெனிசிஸ் எழுதியிருக்கக்கூடிய ஒன்றல்ல. அதன் தனிப்பட்ட வலியும் நேரடியான பேச்சும் வேறு தலைமுறையுடையவை. தலைமுறைப் பெயராகத் தொடங்கிய இதுவும் இப்போது ஒலிப்பெயராகிவிட்டது. இன்று தொடங்கும் போலந்துக் குழுவையும் நியோ என்கிறார்கள். மரிலியனோ அந்த ஒலியை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது.

புரோகிரசிவ் மெட்டலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் அதீத உட்கிளைகள் என் வேலையின் மையம் அல்ல, அங்கே என் தீர்ப்பை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். 1976இன் ரஷ் ஆல்பம் '2112' முன்னோடி. 1986இன் ஃபேட்ஸ் வார்னிங், 1988இன் க்வீன்ஸ்ரைக், 1992இல் ட்ரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' என்று அது உருவானது. இதற்குத் தாயும் தந்தையும் உண்டு: கிட்டார் ஒலியும் பாடும் முறையும் மெட்டலிலிருந்து, நீளமும் தாளச் சிக்கலும் ப்ராக்கிலிருந்து. அதனால் மெட்டல்காரர்களின் மரத்திலும் இது கிளை, ப்ராக்காரர்களின் மரத்திலும் கிளை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இண்டோ-ப்ராக் என்று ஒரு பெட்டியும் சில பட்டியல்களில் உண்டு. ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் சேர்ந்த சக்தி குழு அதில் இருக்கிறது. 1976இல் வந்த முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் இல்லை, பாஸ் கிட்டார் இல்லை, மின்சார வாத்தியமே இல்லை. கடமும் வயலினும் தபலாவும் பேசிக்கொள்ளும் முறை முழுக்க இந்தியச் செவ்வியல் கச்சேரியின் முறை. ராக் இசை அதில் எங்கே என்று தேடினால் கிடைக்காது. மெக்லாஃப்லின் அதற்கு முன் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் இருந்தார் என்ற வம்சாவளி ஒன்றுதான் அதை இங்கே கொண்டுவந்தது. வெளியிலிருந்து கேட்கும் காதுக்கு வாத்தியத்தின் நிறமே வகையாகிவிடுகிறது என்பதற்கு இது சாட்சி. என் பட்டியலில் சக்தி ப்ராக்கில் இல்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு பெரிய தகராறு இருக்கிறது: எதை ப்ராக் என்றே சொல்வது? ஒரு தரப்புக்கு அது 1969 முதல் எழுபதுகளின் பிற்பகுதி வரை உருவான ஒலிகளின் தொகுப்பு. மற்றொரு தரப்புக்கு அது ராக் இசையை இருந்த இடத்திலிருந்து நகர்த்தும் மனப்பாங்கு. 1973ஐ அச்சு அசலாக மறு உருவாக்கம் செய்யும் இன்றைய குழு முதல் தரப்புக்கு ப்ராக், இரண்டாவது தரப்புக்கு இல்லை. ரேடியோஹெட் நேர்மாறு. கிங் கிரிம்சனை மட்டும் இரு தரப்பும் உரிமை கொண்டாடும். 1969இல் மெல்லோட்ரான் பிரம்மாண்டம், 1973இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக்கை நினைவூட்டும் உரசலும் மேடையிலேயே கற்பனையாக வாசிப்பதும், 1981இன் 'டிசிப்ளின்' ஆல்பத்தில் இரண்டு கிட்டார்கள் இந்தோனேசியாவின் கமெலான் வாத்தியக் குழு போலப் பின்னும் புதிய இலக்கணம். அதன் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் ஒவ்வொரு முறையும் பழைய ஒலியைக் கைவிட்டார். இந்தத் தகராறைக் காதால் தீர்க்க முடியாது; எந்த விதியை முதலில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் தொகுப்புக்கு வருவோம். பெயரைக் குழுவுக்கு ஒட்டாதீர்கள், ஆல்பத்துக்கு ஒட்டுங்கள். கிங் கிரிம்சன் ஒன்றே இதற்குப் போதுமான காரணம். ஒரு ஆல்பத்துக்கு ஒரு பெயர்தான் என்ற கட்டுப்பாட்டையும் விட்டுவிடுங்கள். நாடு, ஆண்டு, கலைஞர்களின் முந்தைய குழுக்கள் ஆகிய மூன்றும் உறுதியான தகவல்கள், தேடிச் சரிபார்க்கக்கூடியவை. அவற்றைத் தனித்தனிக் கட்டத்தில் எழுதிவிட்டால் கேன்டர்பரி, கிராட்ராக், இத்தாலிய ப்ராக் பற்றிய பாதிச் சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும். ஒலிப்பெயர் என்று ஒரு கட்டம் வைத்து, காதால் கேட்கக்கூடிய மூன்று கூறுகளையாவது உங்களால் சுட்டிக்காட்ட முடிந்தால் மட்டும் அதில் எழுதுங்கள்; இல்லையென்றால் காலியாக விடுங்கள், காலியாக விடுவது தவறே இல்லை. எக்லெக்டிக், கிராஸ்ஓவர், ப்ராக் சார்ந்தவை போன்றவற்றுக்கு இடமே வேண்டாம். வேறொருவரின் பட்டியலைப் பார்க்கும்போது பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல், அவர் எதை அளந்து அந்தப் பெயரை வைத்தார் என்று கேளுங்கள். நடைமுறையில் இப்படி இருக்கும்: பிக்கியோ தால் பொட்சோவின் முதல் ஆல்பம், நாடு இத்தாலி, ஊர் ஜெனோவா, ஆண்டு 1976, வைல்ட் ஃபிளவர்ஸ் வம்சத்தோடு தொடர்பு இல்லை, ஒலி கேன்டர்பரி.